பங்காய் மீனைக் கடலிலேயே விடுங்கள்

இந்தோனேசியாவின் சுலவேசிக்குக் கிழக்கே, பங்காய் தீவுகளையும் அவற்றின் அக்கம்பக்கத்தையும் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத மீன் ஒன்று உண்டு. பங்காய் கார்டினல். விரல் நீளம்தான், வெள்ளி உடல், கறுப்புப் பட்டைகள், அவற்றின் மேல் வெண்புள்ளிகள். இந்த அழகே அதற்கு வினையாகிவிட்டது.

1933-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்த மீனை அறுபது ஆண்டுகளுக்கு யாரும் பொருட்படுத்தவில்லை. 1994-இல் ஜெரால்ட் ஆலன் என்ற மீனியலாளர் அதை மீண்டும் கண்டறிந்து எழுதிய சில ஆண்டுகளிலேயே அலங்கார மீன் வணிகர்கள் வலையோடு வந்துவிட்டார்கள். 2000-களில் ஆண்டுக்கு 7 முதல் 9 லட்சம் மீன்கள் பிடிபட்டதாக மதிப்பீடு. கடலில் மிஞ்சியிருந்தவையோ ஏறத்தாழ 24 லட்சம். 2007-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது.

பிடித்தால் என்ன, மறுபடி பெருகாதா என்று கேட்கலாம். பெருகாது. பெண் மீன் இடும் சில பத்து முட்டைகளை ஆண் வாயில் வாங்கிக்கொள்கிறது. குஞ்சு பொரிக்கச் சுமார் இருபது நாள். பொரித்த பிறகும் பத்து நாள்போலக் குஞ்சுகள் அப்பன் வாய்க்குள்ளேயே இருக்கின்றன. அதுவரை அது இரை எடுப்பதில்லை. வெளியே வரும் குஞ்சுகள் கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கிடையே ஒளிந்துகொள்கின்றன.

மற்ற பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவற்றின் இளம்பருவம் நீரோட்டத்தில் மிதந்து தொலைதூரம் போகும். ஒரு பாறை காலியானாலும் வேறிடத்துக் குஞ்சுகள் வந்து நிரப்பும். பங்காய் மீனுக்கு அந்த மிதக்கும் பருவமே இல்லை. பிறந்த இடத்திலேயே வளர்கிறது. அதனால் ஒரு திட்டில் துடைத்தெடுத்தால், அந்தத் திட்டு வெறுமையாகவே கிடக்கும். போதாக்குறைக்கு, அடைக்கலம் தரும் முள்ளெலிகளையும் மனிதர்கள் அள்ளுகிறார்கள்.

2007-லும் 2016-லும் இந்த மீனின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் முன்மொழிவுகள், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தமான சைட்டிஸின் மாநாட்டுக்கு வந்து, திரும்பப் பெறப்பட்டன. தடையைக்கூட யாரும் கேட்கவில்லை, கண்காணிப்பைத்தான் கேட்டார்கள். அதற்கும் இணங்காதது பெரும் தவறு.

தீவு மீனவர்களின் வருமானம் முக்கியம்தான். ஆனால் இந்த மீன் தொட்டியில் எளிதாக இனப்பெருக்கம் செய்யும். தாய்லாந்துப் பண்ணைகள் அப்படி வளர்த்து விற்கின்றன. அந்தத் தொழில் பங்காய் தீவுக்காரர்கள் கைக்கே போகட்டும். இந்தோனேசிய அரசு அதற்குப் பணம் ஒதுக்கட்டும்.

வீட்டுத் தொட்டிக்கு இந்த மீனை வாங்க நினைப்பவர்கள், பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.