ஹாஷ் எடுத்த பிறகே ஆக்‌ஷன்

மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்ட பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 65பி போய், புதிய சட்டத்தின் பிரிவு 63 வந்து விட்டது. பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இது நம் வாசகர்களுக்குப் பழைய செய்தி. ஆனால் சான்றிதழில் எந்த ஃபைலின் ஹாஷை, அதாவது டிஜிட்டல் கைரேகையை, எழுதுவது என்ற குழப்பம் மட்டும் இன்னும் தீரவில்லை. ஆல்பத்துக்குப் போன ஜேபெக்குக்கா, ரா ஃபைலுக்கா? வழக்கறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இந்த இதழின் நிலைப்பாடு இதுதான்: கார்டிலிருந்து இறங்கிய ஃபைலுக்கு, வேறு எந்த மென்பொருளும் அதில் கை வைப்பதற்கு முன்னால்.

ஹாஷ் நமக்குத் தொல்லையாவதே பேட்ச் வேலையால்தான். ஃபோட்டோஷாப்பின் இமேஜ் புராசஸர் வேறு ஃபோல்டரில் எழுதும் வரை கவலையில்லை. இமேஜ்மேஜிக்கில் ‘கன்வர்ட்’ போட வேண்டிய இடத்தில் ‘மோக்ரிஃபை’ போட்டால் மூலத்தின் மேலேயே எழுதிவிடும். எக்ஸிஃப்டூல் தானாகவே ‘_original’ என்று ஒரு நகலை விட்டுவைக்கிறது. இடம் அடைக்கிறது என்று நாம்தான் ‘ஓவர்ரைட்’ கட்டளையைச் சேர்த்து அதை ஒழிக்கிறோம். லைட்ரூமில் கீவேர்டு சேர்த்து மெட்டாடேட்டாவைச் சேமித்தால், கேமராவின் சொந்த ரா ஃபைலுக்குப் பக்கத்தில் எக்ஸ்எம்பி உருவாகும், ராவுக்கு ஒன்றும் ஆகாது. ஜேபெக்குக்கும் டிஎன்ஜிக்கும் அது ஃபைலுக்குள்ளேயே போய் விழும். படம் அப்படியே இருக்கும், ஹாஷ் மாறிவிடும். கேமராவில் தவறாக ஓடிய கடிகாரத்தை ஆயிரம் படங்களுக்கு மொத்தமாகத் திருத்துகிறவர்கள், கேட்டலாக் செட்டிங்ஸில் தேதி மாற்றத்தை ராவுக்குள் எழுதும் டிக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதெல்லாம் திருத்திக்கொள்ளக் கூடியவை. நம் ஆதங்கம் வேறு. ரா ஃபைலை அழிக்காதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஆல்பம் டெலிவரி ஆனதும் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்வது நம் தொழிலில் இன்றும் வழக்கம். ‘காப்பி அஸ் டிஎன்ஜி’ என்று இறக்கிவிட்டு, அன்று இரவே கார்டை ஃபார்மேட் செய்தால், கேமரா எழுதிய ஃபைல் உலகத்தில் எங்குமே இல்லை. முகூர்த்தப் படம் குடும்ப நீதிமன்றத்துக்கும், விபத்துப் படம் இன்சூரன்ஸ் வழக்குக்கும் போவது ஒன்றும் அபூர்வமில்லை. போகும் என்று படம் எடுக்கும் நாளில் யாருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல்.

பிரிவு 57-இன் விளக்கத்தை நீட்டிக் காட்டி, அடுத்தடுத்துச் சேமித்த ஃபைல்கள் எல்லாமே முதல்நிலைச் சாட்சியம், பிறகு மூலம் எதற்கு என்று சில நண்பர்கள் வாதாடுகிறார்கள். ஸ்கின் ஸ்மூத் செய்து க்ராப் செய்த ஃபைலுக்கு அந்த விளக்கம் எவ்வளவு தூரம் நீளும் என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யட்டும். எதிர்த்தரப்பு “இது எடிட் செய்தது” என்று சொன்னால் அந்த விளக்கமா வந்து பதில் சொல்லும்? ரா ஃபைல்தான் சொல்ல வேண்டும்.

சரி, நம்மை இவ்வளவு கேட்கும் சட்டம் தன் பங்குக்கு என்ன செய்திருக்கிறது? அட்டவணையில் உள்ள படிவத்தைப் பாருங்கள். கருவியின் மாடல், சீரியல் நம்பரோடு நிறத்தையும் கேட்கிறார்கள். கேமரா கறுப்பு என்று எழுதலாம், நல்லது. கையெழுத்திடும் நேரத்தை இருபத்துநாலு மணிக் கணக்கில் கேட்கிறவர்கள், ஹாஷ் முதன்முதலில் எப்போது எடுக்கப்பட்டது என்பதற்கு ஒரு கட்டம் வைக்கவில்லை. வழக்கு வந்த பிறகு, எடிட் செய்த ஃபைலுக்கு எடுத்த ஹாஷும் அதே வரியில் உட்கார்ந்துகொள்ளும். தேர்வு செய்ய எஸ்எச்ஏ256-உடன் எம்டி5, எஸ்எச்ஏ1 இரண்டையும் வைத்திருக்கிறார்கள். எம்டி5-இல் வெவ்வேறு ஃபைல்களுக்கு ஒரே ஹாஷ் வரவைக்க முடியும் என்பது 2004-லேயே நிரூபணமாகிவிட்டது, எஸ்எச்ஏ1-க்கு 2017-இல். சட்டம் இயற்றியது 2023-இல்!

நிபுணர் கையெழுத்திட வேண்டிய பகுதி ‘பி’ இன்னொரு கூத்து. தாலுகா ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் நிபுணருக்கு எங்கே போவார்? இன்னொரு பக்கம், பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) பிரிவு 105 சோதனைகளையும் பறிமுதலையும் ஆடியோ-வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவுகள் மலைமலையாகக் குவியப் போகின்றன. மூல ஃபைலை எத்தனை ஆண்டு வைத்திருப்பது, யார் செலவில் வைத்திருப்பது என்று சான்றிதழ் கேட்கும் பிரிவு 63-இல் ஒரு வரி உண்டா? மேல்முறையீடு வரை போகும் வழக்குக்கு டிஸ்க் வாங்குவது படம் எடுத்தவன் தலையெழுத்தா? படத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பேசும் அலுவலகங்கள், காப்பகம் என்று வாயைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. பொறுப்பு மட்டும் நம் தலையில்.

அவர்கள் விழிக்கும்வரை நாம் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். உங்கள் பேட்ச் ஸ்கிரிப்டின் முதல் அடி கார்டு முழுவதற்கும் எஸ்எச்ஏ256 எடுப்பதாக இருக்கட்டும். அந்தப் பட்டியலை வேறொரு டிஸ்க்கிலும் போட்டு, அன்றே உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள். தேதிக்கு ஒரு தடயமாவது மிஞ்சும். மூல ஃபோல்டரை ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டு, நகலில் மட்டும் ஆக்‌ஷன் ஓட்டுங்கள். அடுத்த கொட்டேஷனில், தனியாருக்கானாலும் அரசுக்கானாலும், ‘ஒரிஜினல் ஃபைல் காப்புக் கட்டணம்’ என்று தனி வரி போடுங்கள். பேரம் பேசினால் ஆல்பத்தின் விலையில் குறையுங்கள், அந்த வரியில் குறைக்காதீர்கள்.