ரயர்க் கோட்டை ஆர் அளக்கிறது?

"காத்துப்போல வந்தவன்" எண்டுவார் ஒருத்தர். "இல்ல, மெதுவாத்தான் வந்தவர், அந்தாள்தான் குறுக்க பாஞ்சது" எண்டுவார் இன்னொருத்தர். கல்லடிப் பாலத்தில் இருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும், ஏ4 வீதியில் நடந்துபோன ஒருவரை வாகனம் அடித்துப்போட்டால் நாங்கள் கேட்பது இந்த இரண்டு கதைகளைத்தான். செத்தவரால் பதில் சொல்ல ஏலாது. அதனால் இரண்டாவது கதை லேசாக வெல்கிறது.

கண்ணால் பார்த்துச் சொல்லும் வேகத்தை நம்ப முடியாது. வீதியைக் கேட்க வேண்டும். பிறேக் அடித்த ரயர் தாரில் விட்ட கோடு 20 மீற்றர் என்று வைப்போம். காய்ந்த தாரின் உராய்வுக் குணகம் சுமார் 0.7. அதை 9.8, 20, 2 மூன்றாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் செக்கனுக்கு 16.6 மீற்றர், அதாவது மணிக்கு 60 கிலோமீற்றர். அதுவும் குறைந்தபட்சம்தான். ஏ.எல். பௌதிகவியல் படிச்ச எந்தப் பிள்ளையும் போடுற கணக்கு இது.

ஆனால் எங்கட கரையோர வீதியில் மணல் ஏறிக் கிடக்கும், மாரியில் நனைந்திருக்கும். உராய்வு 0.4க்கு இறங்கினால் அதே கோடு 45தான் காட்டும். ஊர்மனைக்குள் சட்டம் விடும் வேகம் 50. ஆக, அன்றைக்கு மணல் கிடந்ததா என்று எழுதி வைக்காத அறிக்கை வேகமாக வந்தவரைத் தப்ப விடும், இல்லாவிட்டால் சும்மா வந்தவரை மாட்டிவிடும். இரண்டும் அநியாயம்.

10 கிலோமீற்றர் கூடினால் என்ன குடியா முழுகிப்போகும் எண்டு கேக்கிறவைக்கு: சாரதி பிறேக்கில் கால் வைக்க ஒரு செக்கன் எடுத்தால், 50இல் வந்த கார் முழுசா நிற்கும் இடத்தை 60இல் வந்த கார் 40 கிலோமீற்றர் வேகத்தில் கடக்கும்.

ஏபிஎஸ் பூட்டிய வண்டிகள் தெளிவான கோடு விடாது. அப்போது உடல் எவ்வளவு தூரம் தூக்கி எறியப்பட்டது என்பதில் இருந்து கணக்குப் போடலாம். 1983இலேயே சேர்ல் என்பவர் அதற்குச் சமன்பாடு கொடுத்துவிட்டார். நாங்களோ ஆளை ஆட்டோவில் ஏற்றுகிறோம் (அது செய்ய வேண்டியதுதான்), வாகனத்தை ஓரமாகத் தள்ளுகிறோம், ரத்தத்தைத் தண்ணி ஊத்திக் கழுவுகிறோம். கிடந்த இடத்தில் ஒரு சோக்குக் கோடு போட எத்தனை செக்கன் போகும்?

கையில ஃபோன் இருக்கு. காயப்பட்டவரின் முகத்தை எடுத்து வட்ஸ்அப்பில் போடாமல், கோட்டையும் உடைந்த கண்ணாடி கிடக்கும் இடத்தையும் பக்கத்துத் தந்திக் கம்பத்தோடு சேர்த்து எடுங்கோ. கடைக் கமராவின் பதிவு சில நாளில் தானாக அழியும், அதை அண்டைக்கே கேட்டு வாங்குங்கோ.