வெல்லாதவன் தோற்றவனா?

“ஐந்து நாள்கள் ஆடினார்கள், கண்ட பலன் என்ன?”

வெற்றி தோல்வியின்றி ஒரு டெஸ்ட் ஆட்டம் முடிவுறும் போதெல்லாம் இந்த ஏளனக் குரல் எழுகிறது. தேநீர்க் கடையில் எழுகிறது. படித்தவர் கூடும் மன்றங்களிலும் எழுகிறது. வென்றவனுக்கு மாலை, தோற்றவனுக்கு வசை, இரண்டிலும் சேராதவனுக்கு நகைப்பு என்று ஒரு கணக்கை நம்மவர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு தவறானது. தீங்கானதும் ஆகும் என்பதே நம் வாதம். கிரிக்கெட்டில் நாட்டமில்லாத வாசகர்களும் சற்றுப் பொறுமையுடன் செவிசாய்க்க வேண்டுகிறோம். ஆட்டத்தைப் பற்றிய இந்தப் பேச்சு ஆட்டக் களத்தோடு நின்றுவிடக் கூடியதன்று.

சான்றாக ஓர் ஆட்டத்தை முன்வைக்கிறோம். 1979ஆம் ஆண்டு இந்திய அணி இங்கிலாந்து சென்றது. நான்கு டெஸ்ட் ஆட்டங்களில் முதலாவதில் இன்னிங்ஸ் தோல்வி. அடுத்த இரண்டும் டிரா. நான்காவது ஆட்டம் லண்டன் ஓவல் திடலில் ஆகஸ்ட் 30ஆம் நாள் தொடங்கியது. இங்கிலாந்து 305 ஓட்டங்கள் எடுத்தது. இந்தியா 202க்குச் சுருண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 334 எடுத்து, ‘போதும்’ என்று முடித்துக்கொண்டது. இந்தியா வெல்ல 438 ஓட்டங்கள் தேவை. அன்றைய நாள்வரை எந்த அணியும் நான்காவது இன்னிங்ஸில் அவ்வளவு எடுத்து வென்றதில்லை. 1976இல் போர்ட் ஆப் ஸ்பெயினில் இந்தியாவே எடுத்த 406தான் அன்றைய உச்சம்.

நான்காம் நாள் மாலை இந்தியா விக்கெட் இழப்பின்றி 76. ஐந்தாம் நாள் நடந்தது வரலாறு. சுனில் கவாஸ்கரும் சேத்தன் சௌகானும் முதல் விக்கெட்டுக்கு 213 சேர்த்தனர். சௌகான் 80இல் வெளியேற, வெங்சர்க்கார் துணைநின்றார். கடைசி 20 கட்டாய ஓவர்கள் தொடங்கியபோது ஒரே விக்கெட்டுக்கு 328. இன்னும் 110 வேண்டும். 366இல் வெங்சர்க்கார் வீழ்ந்தார். அடுத்த ஓட்டத்தோடு கபில் தேவ் வீழ்ந்தார். எட்டு மணி நேரத்துக்கும் மேலாக நின்று, 443 பந்துகளைச் சந்தித்து, 221 ஓட்டங்கள் குவித்த கவாஸ்கர் 389இல் போத்தமின் பந்துக்கு இரையானார். அதன்பின் விக்கெட்டுகள் சரிந்தன. காலம் முடிந்தபோது இந்தியா 8 விக்கெட்டுக்கு 429. வெற்றிக்கு ஒன்பது ஓட்டங்கள் குறைவு. தோல்விக்கு இரண்டு விக்கெட்டுகள் மிச்சம்.

இந்த ஆட்டத்துக்குப் பலன் இல்லை என்று சொல்ல எவருக்கு நா எழும்? ஆயினும் எழுந்தது. ஒன்பது ஓட்டங்கள் எங்கே போயின என்று கேட்டு ஒரு குற்றவாளியைத் தேடும் படலம் அன்றே தொடங்கியது. அணித் தலைவர் சென்னையைச் சேர்ந்த வெங்கட்ராகவன். விசுவநாத்தைப் பின்னுக்கு நிறுத்திவிட்டுக் கபில் தேவை முன்னே அனுப்பியது அவர் மீது சுமத்தப்பட்ட குற்றம். கபில் தேவ் ஓட்டம் எடுக்காமல் திரும்பினார் என்பது உண்மையே. ஆனால் அவர் நான்கு பந்துகளை எல்லைக்கு விரட்டியிருந்தால் இதே நாவுகள் ‘என்ன மதியூகம்!’ என்று வியந்திருக்கும். முடிவைக் கண்டபின் முறையைப் பழிப்பவன் நீதிபதியல்லன். சோதிடம் பொய்த்தபின் நாளைக் குறைகூறும் சோதிடன்.

தாயகம் திரும்பும் விமானத்திலேயே, கவாஸ்கர் இனித் தலைவர் என்ற அறிவிப்பு ஒலிபெருக்கி வழியே வந்தது. வெங்கட்ராகவனும் அந்த விமானத்தில்தான் இருந்தார். அவருடைய தலைமையில் குறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. அதே ஆண்டு ஜூனில் நடந்த உலகக் கோப்பையில் அவர் தலைமையிலான அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. தலைவரை மாற்றும் உரிமை தேர்வுக் குழுவுக்கு உண்டு. கவாஸ்கரின் தகுதியையும் எவரும் மறுப்பதற்கில்லை. நாம் கேட்பது ஒன்றே: உலகம் அதுவரை கண்டிராத வெற்றியின் விளிம்புவரை அணியை நடத்திச் சென்ற ஒருவரிடம் நேரில் இரண்டு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையா? வென்று திரும்பிய தலைவருக்கு இப்படி நேர்ந்திருக்குமா? ‘வெல்லாதவன் தோற்றவன்’ என்ற எண்ணம் மரியாதையைக்கூட மறக்கச் செய்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இன்னிங்ஸில் வெங்கட்ராகவன் வீழ்ந்தது ஓட்டம் எடுக்க முயன்று, ரன் அவுட் முறையில். தன் தலையைக் காத்துக்கொள்ள விரும்பியவர் மட்டையை ஊன்றி நின்றிருப்பார். அவரோ வெற்றியைத் தேடி ஓடினார், ஓடியதால் வீழ்ந்தார். துணிந்தவர் என்று போற்றவேண்டிய இடத்தில் தவறவிட்டவர் என்று ஏசியது எந்த நியாயம்?

இனி, ஆட்டத்தின் சட்டத்துக்கு வருவோம். டெஸ்ட் ஆட்டத்தில் வெல்ல விரும்பும் அணி எதிரணியைவிட அதிக ஓட்டம் எடுத்தால் மட்டும் போதாது. எதிரணியை வீழ்த்தியும் காட்டவேண்டும். ஓவலில் இங்கிலாந்து கடைசிவரை எட்டு ஓட்டங்கள் முன்னிலையில் இருந்தது. ஒருநாள் ஆட்டமாயின் அதுவே வெற்றி. டெஸ்ட் சட்டமோ, ‘இன்னும் இரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தவில்லையே, உனக்கேது வெற்றி?’ என்று கேட்கிறது. இந்தியாவை நோக்கியும், ‘இன்னும் ஒன்பது ஓட்டங்கள் எடுக்கவில்லையே’ என்கிறது. இருவரில் எவரும் தம் கடமையை முழுமையாக நிறைவேற்றாதபோது எவருக்கும் மகுடம் இல்லை. இது குறைபாடன்று, நுட்பமான நீதி. முடிவு வேண்டும் என்பதற்காக ஒருவரை வென்றவர் என்று அறிவிப்பது அநீதி.

காலத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் முடிவு கிட்டுமே என்பார் சிலர். அதையும் உலகம் செய்து பார்த்தாயிற்று. 1939 மார்ச் 3ஆம் நாள் டர்பனில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் காலவரம்பில்லா டெஸ்ட் ஒன்றைத் தொடங்கின. 696 ஓட்டங்கள் தேவைப்பட்ட இங்கிலாந்து, மார்ச் 14ஆம் நாள் 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தபோது ஊர் திரும்பும் கப்பலைப் பிடிக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. வரம்பில்லாத ஆட்டமும் டிராவாகவே முடிந்தது! கால எல்லை ஆட்டத்துக்குப் பகையன்று. ஆட்டத்தின் உறுப்பு என்பதை உணரவைத்த நிகழ்ச்சி அது.

இதற்கு எதிர்த்திசையில் கிளம்பியவர்களும் உண்டு. ஐந்து நாள் எதற்கு, நான்கு போதும் என்பது அவர்கள் கட்சி. 2017 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவும் சிம்பாப்வேயும் நான்கு நாள் டெஸ்ட் ஒன்றை ஏற்பாடு செய்து ஆடின. 2020ஆம் ஆண்டு அளவில் இதையே கட்டாயமாக்கலாமா என்ற ஆலோசனை சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் வரை எழுந்தது. அவர்களுக்கு ஓவலையே விடையாகக் கூறுகிறோம். நான்கு நாளோடு அது முடிந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது விக்கெட் இழப்பின்றி 76 என்ற உயிரற்ற ஒரு வரி. கவாஸ்கரின் 221 இல்லை. அந்தப் பரபரப்பும் இல்லை. டிராவை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் டிராவின் உயிரைப் பறித்து உடலை மட்டுமே நமக்கு விட்டுவைப்பார்கள்.

எல்லா டிராவும் புகழத்தக்கதா என்று கேட்டால், இல்லை என்பதே நம் விடை. 1952ஆம் ஆண்டுத் தொடரின் கடைசி இரண்டு ஆட்டங்கள் முதல் 1978இல் பைசலாபாத் ஆட்டம் வரை, இந்தியாவும் பாகிஸ்தானும் தமக்குள் ஆடிய பதின்மூன்று டெஸ்ட் ஆட்டங்கள் அடுத்தடுத்து டிராவாயின. இவற்றுள் 1955இல் ஐந்து, 1960–61இல் ஐந்து. மழையும் ஆடுகளமும் சில வேளை காரணமாயிருக்கலாம். ஆனால் இரு தரப்பிலும் திறமைக்குப் பஞ்சமில்லை, துணிவுக்கே பஞ்சம். தோற்றுத் திரும்பினால் ஊர் தூற்றுமே என்ற அச்சம் இரு அணிகளின் கைகளையும் கட்டிப்போட்டது. அந்த அச்சத்தை ஊட்டியவர் எவர்? வெல்லாதவனை எள்ளி நகையாடும் இதே கூட்டமல்லவா? தோல்வியைக் குற்றமாக்கினால், தோல்வியைத் தவிர்ப்பதே ஒருவனுடைய ஒரே தொழிலாகிவிடும். சலிப்பூட்டும் டிராவைக் கண்டு முகம் சுளிப்பவர்களே அதைப் பெற்று வளர்த்தவர்கள்!

இந்த இரண்டையும் பிரித்தறியும் உரைகல் மிக எளிது. அச்சத்தால் விளைந்த டிராவில் இருவரும் வெற்றியை விட்டு விலகி நிற்கிறார்கள். துணிவால் விளைந்த டிராவில் இருவரும் வெற்றியைத் தேடிக் களைத்துப் போகிறார்கள். தோல்வி உறுதி என்று உலகமே சொல்லும்போது அதை ஏற்க மறுத்து நிற்பதும் அந்தத் துணிவின் பாற்பட்டதே. 2021 ஜனவரி 11ஆம் நாள் சிட்னியில் 407 ஓட்டங்கள் தேவைப்பட்ட இந்தியா 5 விக்கெட்டுக்கு 334 எடுத்தது. தொடைத் தசை பிடித்துக்கொண்ட அனுமா விகாரியும், முதுகு வலியால் வருந்திய நம் சென்னை அசுவினும் நாற்பது ஓவர்களுக்கும் மேலாக ஆஸ்திரேலியப் பந்துவீச்சைத் தாங்கி நின்றனர். விகாரி 161 பந்துகளில் எடுத்தது 23 ஓட்டங்கள். ‘வெறும் 23’ என்பான் எண்ணிக்கை மட்டும் அறிந்தவன். எட்டாம் நாள் பிரிஸ்பேனில் இந்தியா வென்று தொடரைக் கைப்பற்றியபோதுதான் அந்த 23இன் விலை பலருக்கு விளங்கிற்று. சிட்னியில் வீழ்ந்திருந்தால் பிரிஸ்பேனில் வென்றும் தொடர் சமனாகவே முடிந்திருக்கும்.

ஆட்டத்தை விட்டு இல்லத்துக்கு வருவோம். வகுப்பில் இரண்டாமிடம் பெற்ற பிள்ளையிடம் முதலிடம் யாருக்கு என்று கேட்கும் வாப்பா, வணிகத்தில் முதலை இழக்காமல் ஓர் இடர்க்காலத்தைக் கடந்துவந்த தம்பியைப் பார்த்து, ‘இலாபம் எங்கே?’ என்று வினவும் அண்ணன், வேலைக்கான தேர்வில் ஓரிரு மதிப்பெண்ணில் தவறிய மகளிடம் ஆறு மாதம் முகங்கொடுத்துப் பேசாத உம்மா — இவர்கள் எவரும் கொடியவரல்லர். அன்புள்ளவர்களே. ஆனால் அவர்கள் கையில் இருப்பதும் அதே தவறான அளவுகோல். அந்த அளவுகோலால் அளக்கப்பட்டு வளரும் பிள்ளை இரண்டில் ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: எப்படியேனும் வெல்லும் வஞ்சகத்தை, அல்லது தோற்கக்கூடிய எதிலும் இறங்காத கோழைத்தனத்தை. மூன்றாவதான நேர்மையான போராட்டத்தை அது எங்கே போய்க் கற்கும்?

விமானத்தில் தலைமையை இழந்த வெங்கட்ராகவன் பின்னாளில் நடுவராகிக் களத்துக்கு மீண்டார். 73 டெஸ்ட் ஆட்டங்களில் தீர்ப்புச் சொன்னார். பல நாட்டு அணிகள் அவர் விரலுக்குக் கட்டுப்பட்டன. ஒன்பது ஓட்டக் கணக்கில் தள்ளப்பட்ட மனிதரின் தீர்ப்பை உலகம் ஏற்றது. அவரைப் பழித்தவர்களின் தீர்ப்பை நாமும் இனி ஏற்கவேண்டியதில்லை. அடுத்த முறை ஒரு டெஸ்ட் ஆட்டம் டிராவில் முடிந்து, ‘கண்ட பலன் என்ன?’ என்று எவரேனும் கேட்டால், எப்படி ஆடினார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் பிள்ளை அருகிலிருந்தால், அவன் காதில் விழும்படி கேளுங்கள்.