துணி விறைத்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்னிடம் எட்டாவது படித்த ஒரு பெண், இப்போது கைக்குழந்தைக்காரி, போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "சார், பாப்பா துணிக்கு எந்தப் பவுடர் நல்லது? சாஃப்ட்னர் போடலாமா?" தெரிந்ததை நாலு வரியில் எழுதி, அதையே நம் குடும்பக் குழுவிலும் போட்டேன். அவ்வளவுதான், பட்டிமன்றம் ஆரம்பமாகிவிட்டது. சின்னம்மா பவர் சோப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். தம்பி மகன் இனிமேல் எல்லாம் லிக்விட்தான் என்கிறான். பெங்களூரில் இருக்கும் மைத்துனர் மகளோ, கம்ஃபர்ட் ஊற்றாமல் துவைத்தால் அது துவைத்த கணக்கிலேயே சேராது என்று எழுதியிருக்கிறாள். கடைசியில் "வாத்தியாரே தீர்ப்பு சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

தீர்ப்பு இதுதான். நம் வீடுகளில் பெரும்பாலும் சாஃப்ட்னர் தேவையே இல்லை. துணி விறைப்பதற்குக் காரணம் மூன்று: அள்ளிப் போட்ட பவுடர், அவசர அலசல், உப்புத் தண்ணீர். இவற்றைக் கவனிக்காமல் பாட்டில் வாங்குவது, அழுக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துச் சீவுவது போல. இனி விளக்கம்.

நான் பிறந்தது தாமிரபரணிக் கரை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அம்பாசமுத்திரத்தில் ஆற்றுத் தண்ணீரில் 501 பார் சோப்பை இரண்டு தேய்ப்பு தேய்த்தால் நுரை பொங்கிக்கொண்டு வரும். வேலை கிடைத்ததோ ராமநாதபுரம் மாவட்டம், சாயல்குடிப் பக்கம். அதே சோப்பு, அதே சட்டை. அங்கே கிணற்றுத் தண்ணீரில் தேய்த்தால் திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திட்டுதான் மிதக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடுகின்றன. அந்தப் பிசுக்கு போய் உட்காரும் இடம் துணியின் நூல்.

எட்டாம் வகுப்பில் கடின நீர், மென்னீர் பாடம் நடத்தியபோது இரண்டு பாட்டில் வைத்துக் குலுக்கியது ஞாபகம் இருக்கிறதா? ஒன்றில் மழைத் தண்ணீர், இன்னொன்றில் அடிபம்புத் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல். மழைத் தண்ணீர்ப் பாட்டில் கழுத்து வரை நுரைத்தது. அடிபம்புப் பாட்டில் கலங்கி நின்றது. அன்று பரீட்சைக்குப் படித்தீர்கள், இன்று வீட்டுக்குச் செய்யுங்கள். குளியல் சோப்பில் கொஞ்சம் சீவி, கேன் தண்ணீரிலும் உங்கள் போர் தண்ணீரிலும் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கும், சென்னைப் புறநகரில் போரையும் லாரியையும் நம்பியிருக்கிற வீட்டுக்கும் ஒரே பவுடரை ஒரே அளவில் எப்படிச் சிபாரிசு செய்வது?

டிடர்ஜென்ட் பவுடர் இந்த விஷயத்தில் சோப்பைவிடத் தேவலை, அப்படித் திரியாது. ஆனாலும் உப்புத் தண்ணீரில் அதன் பலமும் குறையும். அதனால்தான் அதில் சலவை சோடா போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். அவை கால்சியத்தைச் சமாளித்து, பவுடரை அழுக்கைப் பார்க்க விடும்.

பவுடர் என்றதும் ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. 1959-இல் நம் நாட்டுக்கு சர்ஃப் வந்தது. வசதியானவர்கள் வீட்டுப் பொருள். 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்ற அரசு ஆய்வக ஊழியர் வீட்டிலேயே பவுடர் கலந்து, சைக்கிளில் எடுத்துப் போய் வீடு வீடாக விற்றார். கிலோ மூன்றரை ரூபாய். பெரிய கம்பெனிப் பவுடர் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். தன் மகள் நிருபமாவின் பெயரிலிருந்து அதற்கு நிர்மா என்று பெயர் வைத்தார். எண்பதுகளில் அது எங்கள் பக்கத்துப் பலசரக்குக் கடை வரை வந்துவிட்டது. நம் பள்ளியில் பல பிள்ளைகளுக்கு அப்போது வெள்ளைச் சட்டை ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் துவைத்து, ராத்திரி அடுப்படிக் கொடியில் காயப்போட்டு, காலையில் ஈரம் போகாமலே போட்டு வருவார்கள். அந்த வீடுகளுக்கு விலை குறைந்த பவுடர் எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். ஆகவே மலிவுப் பவுடர் என்று யாரும் இளக்காரமாகப் பேசினால் எனக்குப் பிடிக்காது.

அந்தச் சட்டைகளின் வெள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளுப்பு வேறு, சுத்தம் வேறு. பழைய வெள்ளைத் துணி லேசாக மஞ்சளிக்கும். நீலம் போட்டால் அந்த மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமல் மறையும், அழுக்கு போகாது. அந்தக் காலத்தில் ராபின் நீலத்தைத் துணியில் முடிந்து வாளியில் ஆட்டுவோம். முடிச்சு அவிழ்ந்தால் சட்டை முழுக்கத் திட்டுத் திட்டாக மேகம்! பிறகு கேரளத்திலிருந்து உஜாலா வந்து அந்தத் தொல்லையை ஒழித்தது. இப்போது பவுடரிலேயே ஒரு நிறமியைச் சேர்த்துவிடுகிறார்கள். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, நீல ஒளியாகத் திருப்பித் தருவது அதன் வேலை. கல்யாண வீட்டு டிஸ்கோ விளக்கில் சிலருடைய வெள்ளைச் சட்டை மட்டும் ஜொலிக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். விளம்பரத்தில் காட்டும் பளிச் வெள்ளையில் இதற்கும் பங்கு உண்டு.

சரி, என் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு தரவில்லை, பென்ஷன் போதும். அன்றாடத் துணிக்கு சர்ஃப் எக்ஸெல் ஈஸி வாஷ். சட்டைக் காலருக்கும் வேட்டிக் கரைக்கும் பொன்வண்டு பார், தேய்க்க வேண்டிய இடத்தில் மட்டும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் நொதி சேர்த்த பவுடர் எது சல்லிசாகக் கிடைக்கிறதோ அது. நொதி என்றால் என்ன என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சாம்பார், முட்டை, பால் கறைகளை உடைத்துத் தருவது அதுதான். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் அரை மணி நேர ஊறலும் வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் நொதி செயலிழந்துவிடும், காசு வீண். ரத்தக் கறைக்கும் முட்டைக் கறைக்கும் முதலில் பச்சைத் தண்ணீர், வெந்நீர் பட்டால் கறை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

பட்டுக்கும் கம்பளிக்கும் நொதிப் பவுடர் கூடவே கூடாது. பட்டும் கம்பளியும் புரதம். புரதக் கறையை அரிக்கும் நொதி புடவையை மட்டும் விட்டுவைக்குமா? அவற்றுக்கு எஸி, அல்லது நம் பூந்திக்கொட்டை. கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பிசைந்து வடிகட்டினால் போதும். சரிகைப் புடவை என்றால் நான் கை வைப்பதில்லை, டிரை கிளீனிங்.

பவுடரைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீருக்கு அடுத்து நான் பார்ப்பது கையை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் உங்கள் அம்மாவுக்கு (உறவுகளுக்கு அத்தை, பெரியம்மா) விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. புளி கரைக்க முடியாது, உப்பை எடுத்தால் கண்ணில் தண்ணீர் வரும். தோல் மருத்துவர் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மருந்து பாதிதான் சார். கை சோப்புத் தண்ணியில படாம இருக்கணும்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துணி என் இலாகா. அப்போது வாங்கிக்கொண்டிருந்த பவுடரின் பெயரைச் சொல்ல மாட்டேன். துணிப் பவுடர் எதுவானாலும் காரத்தன்மை உள்ளதுதான், தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். சிலருக்கு அது தாங்கும், சிலருக்குத் தாங்காது.

அதனால் நான் சொல்வது, வாளியில் கை வைக்கிறவர் யாரோ அவர்தான் பவுடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் எதில் என்ன இலவசம் என்று பார்த்து வாங்கிவருகிற ஆண்கள் ஒரு மாதம் தாங்களே கையால் துவைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பிராண்டு பேசட்டும். வீட்டு வேலைக்கு வருகிற அக்கா இருக்கிறாரே, அவர் ஒரே காலையில் நாலு வீட்டில் நாலு விதமான பவுடரில் கை வைக்கிறார். அவர் விரலைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள், வேலை முடிந்ததும் தடவிக்கொள்ளத் தேங்காய் எண்ணெய் எடுத்து வையுங்கள். உங்கள் சாஃப்ட்னர் பாட்டில் விலைகூட ஆகாது.

இப்போது அந்தப் பாட்டிலுக்கே வருகிறேன். தண்ணீரில் நனைந்த பருத்தி நூலுக்கு எதிர்மின் தன்மை உண்டு. சாஃப்ட்னரில் இருப்பது நேர்மின் தன்மை கொண்ட, கொழுப்பு வால் உள்ள ஒரு பொருள். அது நூலின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். தொட்டால் வழுவழுப்பு. ஆனால் கொழுப்புப் படலம் படிந்த துண்டு தண்ணீரை எப்படி உறிஞ்சும்? குளித்துவிட்டுத் துடைத்தால் ஈரம் உடம்பிலேயே நிற்கிறது என்று புலம்பும் வீடுகளில் போய்ப் பாருங்கள், துண்டு பஞ்சு மாதிரி இருக்கும், வாசனை தூக்கும். பிள்ளைகள் விளையாடப் போட்டுக்கொள்ளும், வியர்வை உறிஞ்சும் டி-ஷர்ட்டுக்கும் இதே கதி. இன்னும் சிலர் பவுடரோடு சேர்த்து ஊற்றுகிறார்கள். பவுடர் எதிர்மின், இது நேர்மின். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், இரண்டின் வேலையும் கெடும். ஊற்றியே ஆகவேண்டும் என்றால் கடைசி அலசலில் ஊற்றுங்கள்.

கைக்குழந்தைத் துணிக்கு என் வீட்டில் சாஃப்ட்னர் கிடையாது. இடுப்புத் துணி ஈரத்தை உறிஞ்சுவதற்காகக் கட்டுவது, அதன் மேல் கொழுப்பைப் பூசுவானேன்? வாசனைப் பொருள் சில குழந்தைகளின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. வாசனை இல்லாத பவுடர், வழக்கத்தைவிடக் குறைவாக. கூட ஒரு அலசல். நல்ல வெயில். பாப்பாவுக்கு அவ்வளவுதான். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கவனிக்க: குழந்தைகளின் இரவு உடையில் தீத்தடுப்பு என்று போட்டிருந்தால் லேபிளைப் படியுங்கள், சாஃப்ட்னர் வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

கம்ஃபர்ட்டை ஒரேயடியாக விரட்டவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு சின்னப் பாட்டில் இருக்கிறது, ஆறு மாதம் வரும். உடம்போடு ஒட்டிக்கொள்ளும் பாலியெஸ்டர் சுடிதார், சிந்தெடிக் புடவை இவற்றுக்கு அரை மூடி. அந்த ஒட்டல் போக அது நல்ல மருந்து. பருத்திக்கு வேண்டியது காயப்போடும் முன் இரண்டு உதறு, எடுக்கும்போது இரண்டு உதறு. பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுகிறவர்கள் அதற்கு மேல் சாஃப்ட்னரும் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

நுரையைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் சின்னம்மா கோபித்துக்கொள்வார். "நுரை வரலைன்னா பவுடர் சரியில்லை" என்பது அவர் கட்சி. அழுக்கை எடுப்பது நுரை இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் பவுடர்தான். ஃப்ரன்ட் லோடு மெஷினுக்கு நுரை எதிரி. துணி விழுந்து அடிபடாமல் மெத்தை மாதிரி தாங்கிக்கொள்ளும், அழுக்கு போகாது. அதற்கென்று நுரை குறைந்த பவுடர் தனியாக விற்கிறார்கள், அதைத்தான் வாங்க வேண்டும். நம் வாளியில் கொட்டுகிற நுரை சாக்கடையோடு போய்விட்டது என்று நினைக்கிறோம். பெங்களூர் பெல்லந்தூர் ஏரியிலும், ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலும் பனிமலை மாதிரி நுரை எழும்பியதைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள் அல்லவா? கழிவுநீரோடு போன டிடர்ஜென்ட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

கடைசியாக வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். துவைத்துக் காய்ந்த ஒரு துண்டை எடுங்கள். வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீர் அரை வாளி. பவுடர் எதுவும் போடாமல் துண்டை முக்கிக் கையால் அலசுங்கள். தண்ணீரில் நுரை வந்தால், அது போன தடவை போட்ட பவுடர், உங்கள் துணியிலேயே குடியிருக்கிறது. அப்படியானால் அடுத்த தடவையிலிருந்து பவுடரைப் பாதியாக்குங்கள். ஒரு வாளிக்குத் தலைதட்டி ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் நான் போடுவதில்லை. அலசலை ஒன்று கூட்டுங்கள். உப்புத் தண்ணீர் வீடாக இருந்தால் மாதம் ஒருமுறை துண்டுகளுக்குக் கடைசி அலசலில் கால் டம்ளர் வெள்ளை வினிகர் விடலாம். படிந்த உப்பும் காரமும் கரையும், காய்ந்ததும் வாசனை இருக்காது. வாரா வாரம் வேண்டாம், மெஷின் ரப்பருக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ போட்ட வாளியில் மறந்தும் வினிகர் விடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் துண்டை முக்கிப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நுரை வந்ததா இல்லையா என்று எழுதுங்கள். பெங்களூர் மருமகள் முதலில் எழுத வேண்டும்.