குற்றம் குன்றில் இல்லை

வீட்டுத் தூசி உண்ணி எட்டுக்கால் உயிர். நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். ஈப்போ வட்டாரத்துக் காலைத் தும்மலுக்கும் இளைப்புக்கும் சுண்ணாம்புக் குன்றை உடைக்கும் தூசியே காரணம், தோட்ட லயத்தில் இந்த நோயே இல்லை என்று அடித்துப் பேசுவோர் உண்டு. கல்லுடைப்புத் தூசி மூச்சுக்குழாயை உறுத்தும், அதில் மறுப்பில்லை. ஆனால் எழுந்ததும் அடுக்கடுக்காக வரும் தும்மல் வெளியே போனதும் அடங்கினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது தலையணையையும் அதில் வாழும் தூசி உண்ணியையும்.

இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சி, மனிதத் தோலில் உதிரும் செதிலைத் தின்று பிழைக்கிறது. ஈப்போ அமைந்த பேராக்கில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. தூசி ஒவ்வாமைக்கு மூலம் இந்த உண்ணியே என்று நெதர்லாந்தின் ஃபோர்ஹோர்ஸ்ட் குழு எழுதியது 1964-இல்.

லயத்து வாதம் இன்னும் பலவீனமானது. உறை மட்டும் மாறி, உள்ளே பல ஆண்டு கட்டிதட்டிய இலவம்பஞ்சுத் தலையணையைத் தட்டினால் சன்னல் வெயிலில் துகள் புகையாய் எழும். அப்படிப்பட்ட லயத்து வீட்டுப் பிள்ளையின் இளைப்பு ‘சளி’ என்ற ஒரே பெயரில் அடங்கிப்போனது. சோதிக்காததை இல்லாததாக எழுதுவது தவறு.

வெயிலில் காயப்போட்டால் போதும் என்பதும் அரைகுறைதான். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் உண்ணியின் எச்சத்தில் இருக்கிறது. உண்ணி செத்தும் அது தங்கும். 55 டிகிரிக்கு மேற்பட்ட சுடுநீரில் விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை துவைத்தால் இரண்டும் நீங்கும். உண்ணிக்கு ஒவ்வாமை உண்டா என்பதை அறிய, தோலில் ஊசிமுனை படும் எளிய பரிசோதனை ஏறக்குறைய 15 நிமிடத்தில் உதவுகிறது.