எத்தனை பேரில் எத்தனை?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகளுக்கு ஒன்பதாம் மாதம். குழந்தை குறுக்கே கிடப்பதால் சிசேரியன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கை முகத்தில் ஈயாடவில்லை.

"கத்திக்குக்கூட பயமில்லக்கா, மயக்க ஊசிக்குத்தான் பயம். பேர் பதிஞ்சிருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில மயக்கம் கொடுத்து மூணு பேர் போயிட்டாங்களாம். பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில ஒண்ணுகூட இல்லையாம். அங்கேயே போயிடலாமான்னு பாக்குறேன்."

"எத்தனை பேர்ல மூணு?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. சொன்ன எதிர்வீட்டு அம்மாளுக்கும் தெரியாது.

"தீபாவளிக்கு நீ 500 முறுக்கு சுட்டு 10 உடைஞ்சுது. உன் நாத்தனார் 20 சுட்டு ஒண்ணு உடைஞ்சுது. யார் கை தேர்ந்த கை?" என்றேன். சட்டென்று புரிந்துகொண்டாள். உனக்கு 100க்கு 2, அவளுக்கு 100க்கு 5. நாத்தனார் சுட்டதில் ஒன்றுமே உடையாவிட்டாலும், 20 முறுக்கை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாதே!

சகோதரிகளே, இன்னொரு கேள்வியும் உண்டு: எப்படிப்பட்டவர்களில் எத்தனை? ரத்தப்போக்கு, ஜன்னி, இதய நோய் என்று ஆபத்தான கேஸ்களையெல்லாம் சின்ன இடங்களிலிருந்து எங்கே அனுப்புகிறார்கள்? பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே! அங்கே கணக்கு கூடுதலாகத் தெரிவதில் அதிசயமில்லை.

படித்தவர்களே தடுமாறும் இடம் இது. அமெரிக்காவில் சிசேரியன் சமயத்தில் மயக்க மருந்தால் நேர்ந்த மரணங்களை நாடு முழுவதும் எண்ணிப் பார்த்தார்கள். 1985–90ல், முழு மயக்கம் கொடுத்தவர்களுக்கு ஆபத்து, முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்தவர்களைவிட சுமார் 17 மடங்கு என்று வந்தது. முழு மயக்கம் அவ்வளவு பொல்லாததா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க முடியாத அவசரத்திலும், முதுகில் ஊசி போட முடியாத நிலையிலும்தான் பெரும்பாலும் அதைக் கொடுத்தார்கள். மருந்தின் குற்றம் எது, நோயின் குற்றம் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் புள்ளிவிவரக்காரர்களின் வேலை. எண்ணுவதை அவர்கள் நிறுத்தவில்லை. 1997–2002ல் அதே வித்தியாசம் 1.7 மடங்காகக் குறைந்திருந்தது.

நம் தமிழ்நாட்டிலும் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், ஏன் என்று ஒவ்வொன்றையும் விசாரித்து எழுதி வைக்கிறார்கள். 2001–03ல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018–20ல் அது 54. எண்ணினால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும், தெரிந்தால்தான் அடைக்க முடியும்.

ஆகவே வதந்தியைக் கேட்டு ஆஸ்பத்திரியை மாற்றாதீர்கள். இவற்றைச் செய்யுங்கள்:

* மயக்க மருந்து டாக்டர் கடைசிவரை கூடவே இருப்பாரா, ரத்தம் தேவைப்பட்டால் உடனே கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.
* ஆஸ்துமா, இதயக் கோளாறு, ஒவ்வாத மருந்து, ஆடும் பல், முன்பு மயக்கம் கொடுத்தபோது பட்ட கஷ்டம் எதையும் மறைக்காதீர்கள். தினம் சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.
* வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். "ஒரு வாய் காப்பிதானே" என்று மாமியார் பரிந்து கொடுத்தாலும் வேண்டாம். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தங்கை அந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பதிந்திருந்த இடத்திலேயே, முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் நடந்தது. போன வாரம் போன் வந்தது: "பேத்திக்கா! தொட்டில் போடுற அன்னைக்கு பால்கோவாவோட வந்துடு."

எதிர்வீட்டு அம்மாளுக்கும் சேர்த்தே வாங்கி வைத்திருக்கிறேன்.