சேலை உண்டு, செய்முறை இல்லை!

தம்பி,

காஞ்சியிலே காசு கொடுத்தால் பட்டுச் சேலை கிடைக்கும். உடலையும் கரையையும் பிணைக்கும் கோர்வை நுட்பம் கிடைக்குமா? அது தறியருகே அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் பழகிப் பெறுவதன்றோ!

1991-இல் சோவியத்தின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனம், கிரையோஜெனிக் எனும் கடுங்குளிர் எஞ்சினையும் அதன் செய்முறையையும் நமக்குத் தர ஒப்பிற்று. சீறியது அமெரிக்கா! ஏவுகணை செய்வார்களாம் நாம்! சுழிக்குக் கீழே 253 பாகைக் குளிரில் காக்கவேண்டிய ஹைட்ரஜனை ஊற்றிக்கொண்டிருந்தால், போர் முடிந்தே போகும்; அதை யார் கேட்டார்? 1993-இல் ருஷ்யா பணிந்தது. எஞ்சின் ஏழு தருவோம், செய்முறை தரோம் என்றது. சேலை உண்டு, கோர்வை இல்லை!

அழுதா நின்றனர் நம்மவர்? நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியிலே சோதனைமேல் சோதனை. 2010 ஏப்ரலில் பறந்தது கடலில் வீழ்ந்தது. வீழ்ந்தது ஏன் என்று துருவினர். கண்டதை அடுத்தவர்க்கு உரைத்தனர். 2014 சனவரி 5-இல் வென்றனர்.

2025 சூலை 30. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நைசார் செயற்கைக்கோள் கிளம்பிற்று. அதிலே ஒரு ராடார் நாசாவினுடையது, மற்றொன்று நம்முடையது. சுமந்து சென்ற ஜி.எஸ்.எல்.வி.யின் மேலடுக்கிலே எரிந்தது எது தெரியுமா, தம்பி? அன்று தடுக்கப்பட்ட கடுங்குளிர் எஞ்சின், நம்மவர் கைவண்ணம்!